“வயசாகிவிட்டது, இனி இப்படித்தான்” என்று மருத்துவர் சொன்னால்

நீங்கள் கேட்டிருப்பதன் சுருக்கம் இது: 79 வயதான உங்கள் தாயார் மூன்று வாரங்களாக நடை தளர்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டே நடக்கிறார். இரவில் பிதற்றுகிறார், சிறுநீர் தம்மையறியாமல் கசிகிறது. இரண்டு இடங்களில் காட்டியும் “வயசாகிவிட்டது, இனி இப்படித்தான், வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிச் சத்து மாத்திரை எழுதித் தந்திருக்கிறார்கள். இதை ஏற்றுக்கொள்வதா, முதியவர்களை மருத்துவத் துறை வேண்டுமென்றே ஒதுக்குகிறதா என்று கேட்கிறீர்கள்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள். மூப்பு ஆண்டுக்கணக்கில், அருகிலிருப்பவர்களுக்கே தெரியாத வேகத்தில் வருவது. மூன்று வாரங்களுக்கு முன்னும் உங்கள் தாயாருக்கு 79 வயதுதான். அன்று அவர் யார் துணையுமின்றி நடந்தார், தெளிவாகப் பேசினார். வயது அப்படியே இருக்க வேறு ஏதோ மாறியிருக்கிறது. அது என்னவென்று இதுவரை யாரும் தேடவில்லை.

நடைத் தளர்ச்சி, மனக்குழப்பம், சிறுநீர்க் கசிவு ஆகிய மூன்றும் சில வாரங்களுக்குள் சேர்ந்து வந்தால் நான் முதலில் கேட்பது, கடந்த இரண்டு மூன்று மாதங்களில் அவர் எங்காவது விழுந்தாரா, தலையை இடித்துக்கொண்டாரா என்பதைத்தான். வயது ஏற ஏற மூளை சற்றுச் சுருங்குவதால், மூளைக்கும் மண்டையோட்டுக்கும் இடையே செல்லும் மெல்லிய சிரைகள் இழுபட்டு நிற்கின்றன. குளியலறைக் கதவில் லேசாக இடித்துக்கொண்டால்கூட அவற்றில் ஒன்று கசியத் தொடங்கி, இரத்தம் வாரக்கணக்கில் சிறிது சிறிதாகச் சேர்ந்து மூளையை அழுத்தலாம். இதயத்துக்காக ஆஸ்பிரினோ இரத்தம் உறையாமலிருக்க வேறு மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்களுக்கு இந்த வாய்ப்பு இன்னும் அதிகம். விழுந்ததையே பலர் மறந்திருப்பார்கள். பிள்ளைகள் கவலைப்படுவார்களே என்று மறைத்தும் இருப்பார்கள். ஒரு சி.டி. ஸ்கேனில் இது தெரிந்துவிடும். மண்டையோட்டில் சிறு துளையிட்டு அந்த இரத்தத்தை வடித்தபின் மீண்டும் நடந்து வீடு திரும்பிய எண்பது வயதுக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்கேனில் இரத்தக் கசிவு இல்லாமல் மூளையின் நீர் அறைகள் மட்டும் விரிந்திருந்தால், அதற்கும் தனியே ஒரு நோய் உண்டு. மெதுவாக வளரும் அந்த நோய், தக்கவரைத் தேர்ந்தெடுத்து அறுவை சிகிச்சை செய்தால் தணியக்கூடியது. அதுவும் இல்லையென்றால் எளிய காரணங்கள் பல காத்திருக்கின்றன: சிறுநீர்த் தொற்று, காய்ச்சலே இல்லாமல் வரும் நிமோனியா, இரத்தத்தில் சோடியம் குறைதல், சர்க்கரை மிகவும் தாழ்தல், தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைபாடு, இரத்தசோகை, நாட்பட்ட மலச்சிக்கல், முழுவதும் காலியாகாத சிறுநீர்ப்பை, அண்மையில் தொடங்கிய ஒரு மாத்திரை. இவற்றில் எதுவும் அரிய நோயில்லை. பெரும்பாலானவற்றை மாவட்ட மருத்துவமனையிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

பயிற்சி மருத்துவராக இருந்தபோது நான் செய்த தவறு ஒன்று இன்றும் நெஞ்சில் இருக்கிறது. எண்பதைக் கடந்த விவசாயி ஒருவர் கட்டிலில் கை கட்டப்பட்டுக் கத்திக்கொண்டிருந்தார். கேஸ் ஷீட்டில் எனக்கு முன்னால் ஒருவர் ‘மூப்பு மறதி’ என்று எழுதியிருந்தார். அவரைத் தொட்டுப் பார்க்காமலேயே நானும் மறுநாள் குறிப்பில் அதையே எழுதினேன். அன்றிரவு பணியிலிருந்த மூத்த செவிலியர் அவருடைய அடிவயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டு என்னை அழைத்தார். புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் அடைத்து, சிறுநீர்ப்பை தொப்புள்வரை புடைத்திருந்தது. ட்யூப் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல் வடிந்தது. காலையில் அவர் தம் ஊரின் பெயரைச் சொல்லி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார்களா என்று மகனிடம் கேட்டார். வலியில் கத்திய மனிதரை இரண்டு நாள் கட்டிப்போட்டு வைத்திருந்தோம். அதற்கு ஒரே காரணம் அவருடைய பிறந்த ஆண்டு.

அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1969-இல் வயதுப் பாகுபாடு என்ற கருத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைத்து, இன, பாலினப் பாகுபாடுகளோடு ஒப்பிட்டு எழுதினார். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இதைப்பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. உலக மக்களில் இருவரில் ஒருவர் முதியவர்கள்மீது இத்தகைய எண்ணம் கொண்டவர் என்று அது மதிப்பிடுகிறது. மருத்துவத்தைப் பொறுத்தவரை அது எடுத்துக்காட்டும் எண் இன்னும் கனமானது: ஆராயப்பட்ட 149 ஆய்வுகளில் 85 சதவீதத்தில், ஒருவருக்குக் குறிப்பிட்ட சிகிச்சை கிடைக்குமா கிடைக்காதா என்பதை வயது தீர்மானித்திருந்தது.

ஆனாலும் “வேண்டுமென்றே” என்ற உங்கள் சொல்லை நான் ஏற்கவில்லை. கொடுமனத்தோடு முதியவர்களை விரட்டும் மருத்துவர்களை நான் மிக அரிதாகவே கண்டிருக்கிறேன். நடப்பது வேறு. ஒரு நோயாளிக்கு ஒரு நோய், அந்த நோய்க்கு இன்னின்ன அறிகுறி என்றுதான் நாங்கள் படித்தோம். எண்பது வயது உடம்பு அந்தப் பாடத்தின்படி நடப்பதில்லை. மாரடைப்பு நெஞ்சுவலியாக வராமல் மூச்சுத் திணறலாகவோ வெறும் சோர்வாகவோ வரும். தொற்று காய்ச்சலைக் காட்டாமல் பிதற்றலைக் காட்டும். ஐந்து நோய்கள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும். கிளாஸ்கோவில் பணியாற்றிய முதியோர் மருத்துவர் பெர்னார்ட் ஐசக்ஸ், அசைவின்மை, நிலைதடுமாற்றம், கசிவு, அறிவுத் தடுமாற்றம் ஆகிய நான்கையும் முதியோர் மருத்துவத்தின் நான்கு பெரும் பூதங்கள் என்ற பொருளில் குறிப்பிட்டார். உடம்பின் எந்த மூலையில் கோளாறு நேர்ந்தாலும் அது கடைசியில் இந்த நான்கு வாசல்களில் ஒன்றின் வழியாகத்தான் வெளியே தெரியும் என்பது அவர் கருத்தின் சாரம். உங்கள் தாயாரிடம் அவற்றில் மூன்று தெரிகின்றன. வாசலில் நிற்கும் பூதத்தைப் பார்த்து “இது மூப்பு” என்று திரும்பிவிட்டால், உள்ளே இருக்கும் நோய் அப்படியே இருந்துவிடும். ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிடம் மட்டுமே ஒதுக்க முடிகிற புறநோயாளிகள் பிரிவில், அப்படித் திரும்பிவிடுவதற்கு மிக எளிதாகக் கிடைக்கும் சொல் ‘வயது’.

அறியாமையும் ஒரு காரணம். புதிய மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுகளில் நெடுங்காலமாக முதியவர்களைச் சேர்க்கவில்லை. அந்த மருந்துகளை அதிகம் உட்கொள்வதோ அவர்கள்தாம். எண்பதுக்கு மேல் இரத்தக் கொதிப்புக்கு மருந்து கொடுப்பது நன்மையா தீமையா என்று மருத்துவ உலகம் தெளிவில்லாமல் இருந்தது. எண்பதும் அதற்கு மேலும் ஆன 3,845 பேரை வைத்துச் செய்து 2008-இல் வெளியிட்ட ஹைவெட் ஆய்வு அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது. மருந்து எடுத்துக்கொண்டவர்களிடம் இறப்பு 21 சதவீதம் குறைந்தது. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். யாராவது எண்பது வயதுக்காரர்களைச் சேர்த்துச் சோதிக்கும்வரை “இந்த வயதில் எதற்கு மருந்து” என்ற எண்ணம் அனுபவ ஞானம்போல வலம்வந்தது.

மருந்துகளைப் பற்றிச் சற்று நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் வீட்டிலுள்ளவர்கள் உடனடியாக உதவக்கூடிய இடம் அதுதான். பரிசோதனைத் தாளில் கிரியாட்டினின் (தசையில் உண்டாகி, சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவு) 1.0 என்று இருந்தால் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று எல்லாரும் நிம்மதியடைகிறார்கள். 45 கிலோ எடையுள்ள 25 வயதுப் பெண்ணுக்கு அந்த எண் இருந்தால், வயதையும் எடையையும் சேர்த்து மதிப்பிடும் வழக்கமான காக்கிராஃப்ட்–கால்ட் கணக்கின்படி சிறுநீரகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 61 மில்லி வடிகட்டுகிறது. அதே எடையும் அதே 1.0-உம் உள்ள 80 வயதுப் பெண்ணுக்கு அது 32 மில்லிதான். தசை குறைந்துபோனதால் உற்பத்தியாகும் கிரியாட்டினினும் குறைந்து, தாளில் எண் நல்லதாகத் தெரிகிறது. இதைக் கணக்கிடாமல் கொடுக்கும் முழு அளவு மருந்து உடம்பில் தேங்கும். சர்க்கரைக்குக் கொடுக்கும் கிளைபென்கிளமைடு இப்படித் தேங்கி, விடியற்காலையில் சர்க்கரையைத் தாழ்த்த, அதன் விளைவான பிதற்றலை ‘மறதி நோய்’ என்று பெயரிட்ட குடும்பங்களை நான் அறிவேன்.

ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புதிய நோயாக எண்ணி அடுத்த மருந்தை எழுதுவது இன்னொரு பொறி. இரத்தக் கொதிப்புக்கு அம்லோடிபின் தொடங்குகிறார்கள், கால் வீங்குகிறது. வீக்கத்தை இதயக் கோளாறு என்று நினைத்து நீர் பிரியும் மாத்திரை சேர்க்கிறார்கள். சிறுநீர் அவசரமாகி வழியில் கசிகிறது. கசிவை அடக்க ஆக்ஸிபியூட்டினின் வருகிறது. அது வாயை உலர்த்தி, மலத்தை இறுக்கி, மூளையைக் குழப்புகிறது. இரவில் தூங்காமல் பிதற்றுகிறாரே என்று அல்பிரசோலம் என்ற அமைதிப்படுத்தும் மாத்திரை கொடுக்கிறார்கள். பின்னிரவில் கழிப்பறைக்கு எழுந்தவர் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொள்கிறார். இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் நல்ல மருத்துவர் ஒருவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருப்பார். மொத்தச் சங்கிலியை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மருந்துக்கடையில் சளிக்கு என்று வாங்கும் குளோர்பெனிரமின் மாத்திரையும், கொதிப்புக்கான கூட்டு மாத்திரைகளில் சேர்ந்திருக்கும் குளோர்தாலிடோன் போன்ற நீர் பிரியும் மருந்தும்கூட இந்த வயதில் குழப்பத்தை உண்டாக்கும். பிந்தையது சோடியத்தைக் குறைத்து அதைச் செய்கிறது.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு தவறு உண்டு. வயதைப் பாராமல் எல்லாருக்கும் எல்லாச் சிகிச்சையும் செய்வது நியாயமாகத் தோன்றலாம். ஆனால் 92 வயதில் பல மாதங்களாகப் படுக்கையிலிருந்து, உணவு இறங்காமல் மெலிந்து, முடிவை நெருங்கிவிட்ட ஒருவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசத்தில் வைப்பது அவருக்குச் செய்யும் மரியாதை என்று என்னால் சொல்ல முடியாது. தமிழில் ‘தள்ளாமை’ என்ற அருமையான சொல் இருக்கிறது. முதியோர் மருத்துவம் அளக்க முயல்வது அதைத்தான்: உடம்பில் மிச்சமிருக்கும் தாங்குசக்தியை. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுகிறாரா, தாமே குளித்து உடுத்துகிறாரா, கடந்த ஆண்டு எடை குறைந்ததா, கடைக்குத் தனியே போய்வருகிறாரா என்ற கேள்விகள் பிறந்த தேதியைவிடத் துல்லியமான விடையைத் தருகின்றன. எழுபதில் தள்ளாதவரும் உண்டு, தொண்ணூறில் வயலுக்குப் போகிறவரும் உண்டு. நன்கு நடமாடிய 85 வயதுக்காரருக்கு இடுப்பெலும்பு முறிந்தால் இரண்டு நாட்களுக்குள் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்பதும், தள்ளாமை முற்றிய சர்க்கரை நோயாளிக்கு மூன்றுமாத சர்க்கரைச் சராசரியை (HbA1c) ஏழுக்குள் கொண்டுவர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கக் கூடாது என்பதும் ஒரே அளவுகோலிலிருந்து பிறப்பவை.

இந்த அளவுகோல் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். லண்டனுக்கு மேற்கே உள்ள வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் 1935-இல் மார்ஜரி வாரன் என்ற மருத்துவரிடம், பக்கத்திலிருந்த ஏழைகள் இல்லத்தின் நோயாளிகள் 700-க்கும் மேற்பட்டோர் ஒப்படைக்கப்பட்டார்கள். குணமாகாதவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டு ஆண்டுக்கணக்கில் படுத்துக் கிடந்தவர்கள் அவர்கள். வாரன் ஒவ்வொருவரையும் தனித்தனியே பரிசோதித்து, நோய்க்குப் பெயர் கண்டு, எழுப்பி நடக்கவைத்து, பலரை வீட்டுக்கே அனுப்பினார். அவர் தொடங்கிய அந்த முழுமையான மதிப்பீட்டு முறையைப் பற்றி 29 ஆய்வுகளையும் 13,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்த காக்ரேன் என்ற பன்னாட்டு ஆய்வு அமைப்பின் 2017-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, அம்முறையில் பராமரிக்கப்பட்டவர்கள் உயிரோடு தம் வீட்டிலேயே வாழும் வாய்ப்பு அதிகம் என்று முடிவு சொல்கிறது. இந்தியாவில் இத்துறைக்கு வித்திட்டது சென்னை. 1978-இல் அரசு பொது மருத்துவமனையில் மருத்துவர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கெனத் தனிப் புறநோயாளிகள் பிரிவைத் தொடங்கினார். 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவ மேற்படிப்பும் வந்தது. 2024 பிப்ரவரியில் கிண்டி கிங் நிலைய வளாகத்தில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. 2011 கணக்கெடுப்பிலேயே பத்துக் கோடிக்கு மேல் முதியவர்கள் இருந்த நாட்டுக்கு இது மிகச் சிறிய ஏற்பாடு என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

உங்கள் தாயாரை உள்நோயாளியாகச் சேர்க்க நேர்ந்தால், படுக்கையே ஓர் ஆபத்து என்பதை நினைவில் வையுங்கள். நல்ல உடல்நலமுள்ள முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஆய்வொன்றில், கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. மருத்துவர் தடுக்காதவரை அன்றாடம் எழுப்பி உட்காரவையுங்கள், நடக்கவையுங்கள். கண்ணாடியையும் காதுக் கருவியையும் பல்செட்டையும் பத்திரமாக வீட்டில் வைத்துவிட்டு வரும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அவை இல்லாத முதியவர் இரண்டாம் நாளே குழம்பிவிடுவார். பகலில் வெளிச்சம், இரவில் தொல்லையில்லாத தூக்கம், போதுமான தண்ணீர், நாளையும் இடத்தையும் நினைவூட்டும் பேச்சு ஆகிய எளியவற்றைக் கொண்டே, 70 வயது கடந்த 852 நோயாளிகளில் மனக்குழப்பம் வருவதை 15 சதவீதத்திலிருந்து 9.9 சதவீதமாகக் குறைக்க முடிந்தது என்று அமெரிக்க முதியோர் மருத்துவர் ஷாரன் இனூயி குழுவினர் 1999-இல் காட்டினார்கள்.

பேசும் முறையைப் பற்றியும் ஒன்று. நம் மருத்துவமனைகளில் ‘பாட்டி’, ‘ஐயா’ என்று உறவுமுறை சொல்லி அழைப்பதை நான் குறைசொல்ல மாட்டேன். அதில் அன்பு இருக்கிறது. வலிப்பது அதற்கு அடுத்து நடப்பது. பாட்டி எதிரே உட்கார்ந்திருக்க, “சாப்பிடுதா? மோஷன் போகுதா?” என்று மகனிடம் கேட்பதும், அவருக்குச் செய்யப்போகும் அறுவை சிகிச்சைக்கு அவரையே கேட்காமல் மகனிடம் கையெழுத்து வாங்குவதும் அன்பைச் சேர்ந்தவை அல்ல. பிள்ளைகளும் இதில் பங்காளிகள்தாம். புற்றுநோய் என்று அம்மாவிடம் சொல்லாதீர்கள் என்று எங்களைத் தனியே அழைத்துக் கேட்டுக்கொள்பவர்கள் பெரும்பாலும் அவரை மிகவும் நேசிக்கும் பிள்ளைகளே. பெரியவர்களும் “காடு வா வா என்கிறது, வீடு போ போ என்கிறது, எனக்கெதற்குச் செலவு” என்று தாமே விலகிக்கொள்கிறார்கள். அந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டு சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள். அது அவருடைய முடிவா, உங்கள் பணக்கஷ்டத்தை எண்ணிச் சொன்னதா, சொல்லத் தெரியாத மனச்சோர்வா என்று அருகில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

சட்டமும் திட்டங்களும் ஓரளவுக்கு உங்கள் பக்கம் இருக்கின்றன. 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, அரசு மருத்துவமனைகளில் இயன்றவரை மூத்த குடிமக்கள் அனைவருக்கும் படுக்கை, அவர்களுக்குத் தனி வரிசை, மாவட்ட மருத்துவமனைகளில் முதியோர் சிகிச்சைக்கான தனி வசதி ஆகியவற்றை மாநில அரசின் கடமையாக்குகிறது. தனி வரிசையைக் கேட்டுப் பெறத் தயங்காதீர்கள். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியாக நடமாட இயலாதவர்களுக்கு வீட்டிலேயே இயன்முறைச் சிகிச்சையும் வலிதணிப்புப் பராமரிப்பும் கிடைக்கின்றன. 14567 என்ற கட்டணமில்லா எண்ணில் முதியோர் உதவி மையம் இயங்குகிறது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. நாளையே, நரம்பியல் பிரிவும் சி.டி. ஸ்கேன் வசதியும் உள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இன்றிரவே எழுப்ப முடியாத மயக்கமோ, வாந்தியோடு தலைவலியோ, ஒரு பக்கக் கை கால் பலவீனமோ தெரிந்தால் விடியும்வரை காத்திராமல் 108-ஐ அழையுங்கள். அவர் உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும், சித்த, ஆயுர்வேத மருந்துகளையும், கடையில் வாங்கியவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கடந்த மூன்று மாதங்களில் புதிதாகச் சேர்ந்தது எது என்று குறித்து வையுங்கள். மருத்துவரிடம் “அம்மாவுக்கு வயது 79” என்று தொடங்காமல், “மூன்று வாரத்துக்கு முன் அம்மா தாமே கடைக்குப் போய்வந்தார், இன்று சுவரைப் பிடிக்காமல் நிற்க முடியவில்லை” என்பதுபோல, அவர் அன்று செய்ததையும் இன்று முடியாததையும் சொல்லித் தொடங்குங்கள். படுத்த நிலையிலும், எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள்ளும் இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 அளவுக்கு இறங்கினால் அதுவே நடைத் தளர்ச்சிக்கு ஒரு காரணமாகலாம். சோடியம், சர்க்கரை, தைராய்டு, பி12, இரத்த அணுக்கள், சிறுநீர்ப் பரிசோதனை, சிறுநீர் கழித்தபின் பையில் எவ்வளவு தேங்குகிறது என்ற ஸ்கேன் ஆகியவற்றைக் கேளுங்கள். காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்றும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

முடிவுகள் வந்ததும் எழுதுங்கள். மாத்திரைப் பட்டியலையும், கிரியாட்டினின் அளவோடு அவருடைய எடையையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள். எந்த மருந்தைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் மறுபடி கேட்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.